கண்ணாடிக் கூண்டிலிருந்து வாட்ஸ்அப் வரை

"தம்பி, மவன் பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் பேசுறதுதான் அவனுக்குக் கேக்கலயாம். போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

கீழக்கரையில் இருக்கும் என் மொபைல் கடைக்கு வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தப் புகாரோடு வருகிறார்கள். அன்று வந்த லாத்தாவுக்கு (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபது வயதிருக்கும், மகன் துபாயில். போனை வாங்கிப் பார்த்தேன். புதுக் கவர், பேரன் வாங்கிக் கொடுத்ததாம். வேறு மாடலுக்கான கவரை இழுத்து மாட்டியிருக்கிறார்கள். சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்குமே, அதுதான் மைக். அதன் மேல் ரப்பர் நன்றாக உட்கார்ந்திருந்தது. கவரைக் கழற்றிவிட்டு, "இப்போ பேசுங்க லாத்தா" என்றேன். வைத்தியம் அவ்வளவுதான்.

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் டெலிபோன் பூத் வைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு புகாரைக் கேட்ட நினைவே இல்லை. "ஒண்ணுமே கேக்கல" என்பார்கள், "கரகரங்குது" என்பார்கள், "யாரோ குறுக்க பேசுறாங்க" என்பார்கள். ஒரு பக்கம் தெளிவாகக் கேட்டு மறுபக்கம் ஊமையாவது இந்தக் காலத்து நோய். பழைய போனில் வீட்டுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே இரண்டே செம்புக் கம்பி. நம் குரல், அவர்கள் குரல் இரண்டும் அந்த ஒரே ஜோடியில்தான் போய்வரும். அறுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். வாட்ஸ்அப் போன்ற நெட் அழைப்பில் நான் அனுப்பும் குரல் ஒரு ஓட்டம், எனக்கு வரும் குரல் இன்னொரு ஓட்டம். ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றது அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் இந்தப் புகார் வந்தால் முதலில் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பச் சொல்வேன். அதுவும் ஊமையாக வந்தால் கோளாறு கையில் இருக்கும் போனில்தான்: கவர், துளையில் அடைந்த தூசி, இல்லை எதையோ தட்டி மைக் அனுமதியை அணைத்திருப்பார்கள். பதிவு தெளிவாக வந்தால் போன் மேல் குற்றமில்லை, போகிற வழியில் சிக்கல். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பேசிப் பார்க்க வேண்டும், அந்தப் பக்கத்தையும் அப்படியே செய்யச் சொல்ல வேண்டும். தொழிலாளர் கேம்ப் வைஃபை, ஆபீஸ் வைஃபை போன்றவற்றில் ஒரு திசையை மட்டும் மறிக்கும் பூட்டு இருப்பதுண்டு. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் புது போன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். (விற்றவனும் நான்தான், அது வேறு கதை.)

பூத் போட்டது 1994-இல். எஸ்டிடி (வெளியூர்), ஐஎஸ்டி (வெளிநாடு), பிசிஓ (பொதுத் தொலைபேசி) என்று மஞ்சள் பலகை, உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்கு மேலே சிவப்பு எண் ஓடும் மீட்டர், மேஜையில் கடகடவென்று பில் அடிக்கும் குட்டிப் பிரிண்டர். இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர். அதனால் வியாழக்கிழமை ராத்திரி கூட்டம் நெரியும், மறுநாள் அரபு நாட்டில் லீவு. பாதி நேரம் அங்கிருந்துதான் போன் வரும். "காக்கா (அண்ணே), உம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல திரும்பப் போடுறேன்" என்று வைத்துவிடுவார்கள். கடைப் பையன் சைக்கிளில் பறப்பான். உம்மா வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கும்.

இங்கிருந்து கூப்பிட்டால் நிமிஷத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகும். அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து காதுக்குக் கேட்காத துடிப்பு கம்பியில் வர ஆரம்பிக்கும், துடிப்புக்கு ஒன்றாக மீட்டரில் எண் ஏறும். தூரம் கூடக் கூடத் துடிப்புகளின் இடைவெளி குறையும். ராமநாதபுரத்துக்குப் பேசினால் மீட்டர் தூங்கி வழியும். துபாய்க்குப் பேசினால் கண்ணை எடுக்க முடியாது.

ஒரு ராத்திரி ஓர் அம்மா கூண்டுக்குள் போனார். மகனோடு பேசி ஐந்தாறு மாதம் ஆகியிருந்ததாம். மகனை "வாப்பா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டார், அப்புறம் பேச்சே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ. பில்லைக் கிழித்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை, பாதியை நான் போட்டுக்கொண்டேன்.

அழுகைக்கும் பேச்சுக்கும் ஒரே காசு என்பது கல்நெஞ்சக் கணக்கு இல்லை, பழைய தொலைபேசி வேலை செய்த விதமே அதுதான். அழைப்பு கிடைத்துவிட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு பாதை உங்களுக்கென்று ஒதுக்கப்படும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8,000 தடவை அளக்கும், ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) எழுதும். ஆக நொடிக்கு 64,000 பிட். பேசினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, அந்த 64,000-உம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் வைக்கும் வரை அந்தப் பாதையில் வேறு யாரும் ஏற முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நான் பாம்பனைத்தான் இழுப்பேன். ரயில் பாலத்தில், 1914-இல் கட்டிய பழையதாகட்டும் 2025-இல் திறந்த புதியதாகட்டும், ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் ஏறிவிட்டால் அது இறங்கும் வரை பாலம் அதற்குத்தான். பழைய போன் அதுதான். பக்கத்திலேயே 1988-இல் திறந்த ரோட்டுப் பாலம் இருக்கிறதே, அது நெட். மீன் லாரி, டூரிஸ்ட் பஸ், பைக், ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே ரோட்டில். யாருக்கும் இடம் ஒதுக்கிவைக்கவில்லை. காலியாக இருந்தால் ரயிலை விட வேகமாகப் போய்விடலாம். லீவு நாளில் கடலைப் பார்க்க நாலு காரை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றால் கதை கந்தல்.

நெட் அழைப்பில் உங்கள் குரலை ஒரே இழையாக அனுப்புவதில்லை. பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக வெட்டி, நொடிக்கு 50 பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி ரோட்டில் விடுகிறார்கள். முன்னால் போனது பின்னால் வரலாம், சில வராமலே போகலாம். அதனால் வாங்கும் போன் வந்ததை உடனே ஒலிக்க விடாது, ஒரு கணம் சேர்த்து வைத்து வரிசைப்படுத்தித்தான் ஒலிக்க விடும். அதற்குள் வந்து சேராத பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடும்.

"ஏன் போடணும்? லேட்டா வந்தாலும் கேக்க வைக்கலாம்ல?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. போட்டோ, மெசேஜ் எல்லாம் கருவாடு மாதிரி, நாளைக்கு வந்தாலும் கெடாது. அதனால் ஒரு துண்டு விட்டுப்போனால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குரல் பச்சை மீன். ஏலம் முடிந்த பிறகு கரைக்கு வந்தால் விலை போகாது. "எப்ப வர்றே" என்பதில் "வ" மட்டும் ஒரு நொடி கழித்து வந்தால் அதை எங்கே செருகுவது? அதனால் விட்டுவிட்டு, முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். நிறைய விட்டுப்போனால்தான் அந்த ரோபோ குரல் கேட்கும்.

இது புரிந்தால் பாதிச் சிக்கலுக்கு வழி தானாகத் தெரியும். "நூறு எம்பி ஸ்பீடு பிளான் போட்டிருக்கேன், அப்பவும் கட் ஆகுது" என்று சண்டைக்கு வருவார்கள். குரலுக்கு எம்பி வேண்டியதே இல்லை. பழைய 64,000 கணக்கில் பார்த்தால்கூட ஒரு நிமிஷத்துக்கு ஒரு திசையில் அரை எம்பி டேட்டாதான், இப்போதைய ஆப்கள் அதைவிடச் சுருக்கி அனுப்புகின்றன, மௌனத்துக்கு இன்னும் குறைவாக அனுப்பும் ஆப்களும் உண்டு. (அந்த அம்மா இன்றைக்கு அழுதிருந்தால் டேட்டாகூட அதிகம் போயிருக்காது.) குரலுக்கு வேண்டியது ரோட்டின் அகலம் இல்லை, வண்டிகள் ஒரே சீராக வருவது. அது கெடும் இடம் முக்கால்வாசி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கீழக்கரைப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய முழ அகலச் சுவர்கள். முன் திண்ணை அறையில் ரவுட்டர், உம்மா உட்கார்ந்து பேசுவது மூன்று சுவர் தாண்டி அடுப்படிப் பக்கம். திரையில் வைஃபை இரண்டு கோடு காட்டும், பொட்டலம் பத்துக்கு மூன்று தொலையும். இதில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டும். குரலுக்கு 2.4 போதும். ரவுட்டரை வீட்டின் நடுக்கட்டுக்கு மாற்றி வைத்தாலே பலருக்குச் சரியாகிவிட்டது, கம்பியை நீட்ட இருநூறு முந்நூறு ரூபாய் செலவு. அப்புறம், பேசிக்கொண்டே வாசலுக்கு நடப்பது. வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா பிடிக்கும் அந்த இடத்தில்தான் அழைப்பு தடுமாறும். உட்கார்ந்த இடத்தில் பேசுங்கள் என்பேன். இன்னொன்று, நீங்கள் பேசும் நேரம் பார்த்து வேறொரு போன் கல்யாண வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். நடுப்பாலத்தில் நிறுத்திய கார் அதுதான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, திரும்ப ஒரே நேரத்தில் ஆரம்பிப்பது இப்போதும் நடக்கிறது. பழைய ஐஎஸ்டியில் செயற்கைக்கோள் வழியாகப் போன அழைப்பில் இது பிரசித்தம். 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர கால் நொடி ஆகும். என் வாடிக்கையாளர்கள் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்கப் பழகியிருந்தார்கள். நெட் அழைப்பில் செயற்கைக்கோள் இல்லை, கடலடிக் கேபிள்தான், ஆனால் வெட்டுவது, கட்டுவது, வரிசைக்குக் காத்திருப்பது எல்லாம் கூடி அதே தாமதம் வந்துவிடுகிறது. ஒரு திசைக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது. 400-ஐத் தாண்டினால் கணவன் மனைவி சண்டை வரும்.

நெட்டில் பேசுவதை நான் முதலில் விற்றது 2002-இல். அந்த ஏப்ரலில்தான் இந்தியாவில் இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு அனுமதி கிடைத்தது. கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், கம்ப்யூட்டரைப் போன் கம்பி வழியாக நெட்டில் இணைக்கும் மோடம். அமெரிக்காவுக்குச் சில ரூபாயில் பேசலாம், ஆனால் அரபு நாட்டுக்கு அவ்வளவு இறங்கவில்லை. இதில் எனக்கே சிரிப்பு வந்த விஷயம், அந்த மோடம் போனதும் அதே செம்புக் கம்பியில்தான். நேராகப் பேசினால் முழு ஐஎஸ்டி காசு, அதே கம்பியில் கீச்சுக்கீச்சென்று கத்தும் மோடத்தை நடுவில் வைத்துப் பேசினால் சில ரூபாய். கம்பிக்கா காசு, அதன் மேல் இருக்கும் ஏற்பாட்டுக்கா என்று அன்றுதான் புரிந்தது. அப்புறம் மொபைல் வந்தது, 2016-க்குப் பிறகு டேட்டா தண்ணீராக ஓடியது, கூண்டுக்குள் இப்போது டெம்பர்டு கிளாஸ் அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன.

அமீரகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜும் குரல்பதிவும் போகும், அழைப்பு போகாது. போன் கெட்டுவிட்டது என்று இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது அந்த நாட்டு விதி. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்பை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டால் போதும். விபிஎன் (நெட்டில் நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் ஆப்) போட்டு ஏமாற்றலாம் என்று சொல்லும் நண்பனை நம்ப வேண்டாம். விதியை மீற விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை அபராதம் போட அங்கே சட்டம் இருக்கிறது.

இந்தப் பக்கமும் ஒரு குழி உண்டு. மகன் வெளிநாட்டிலிருந்து பேசுகிறான், திரையில் காட்டுவதோ ஏதோ பத்து இலக்க இந்திய எண். அது மாயமில்லை. நெட்டில் வரும் குரலை இங்கே ஒரு பெட்டியில் வாங்கி, அதில் செருகியிருக்கும் உள்ளூர் சிம்கள் வழியாக உள்ளூர் அழைப்பாக்கி அனுப்புகிறார்கள். கள்ள எக்ஸ்சேஞ்ச். சில வருஷத்துக்கு முன் ஒருவர் என் கடைக்கு வந்து, மாடியில் ஒரு பெட்டி வைக்க வேண்டும், கரண்ட்டும் நெட்டும் கொடுத்தால் மாதம் நல்ல வாடகை என்றார். பெட்டியில் என்ன என்றேன். "சும்மா சர்வர் பாய்" என்றார். அதில் சிம் போட வரிசையாக முப்பது ஓட்டை எதற்கு என்று கேட்டதும் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். இது குற்றம், வீட்டுக்காரரும் மாட்டுவார். இப்படி அழைப்பு வந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் செய்யலாம்.

இப்போது நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன்.

என் சொந்த லாத்தா வீடு தங்கச்சிமடத்தில். லாத்தாவுக்கு சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு, வீட்டில் அவரும் மச்சானும் மட்டும். "மொபைல் எப்ப வேணாலும் சார்ஜ் போயிடும். லேண்ட்லைனை எடுத்துராதீங்க, அது கரண்ட் இல்லாட்டியும் பேசும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவன் நான். அது பொய்யில்லை. எக்ஸ்சேஞ்சில் அடுக்கிவைத்த பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பியிலேயே வீடு வரை வரும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டைத் தாண்டும். மழையில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டு, கை விறைத்துப் போனவன் சொல்கிறேன். உப்புக்காற்றில் அந்த இணைப்புகள் பச்சைக் களிம்பு பூத்து வாரக்கணக்கில் செத்துக் கிடக்கும் என்பதும் உண்மை, அந்தக் காலத்தைத் தேன் தடவிச் சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் கம்பி நன்றாக இருந்தால் ஊரே இருட்டாக இருக்கும்போதும் போன் பேசும்.

2024 நவம்பரில் தங்கச்சிமடம் இருக்கும் ராமேஸ்வரம் தீவுப் பக்கம் கொட்டிய மழை நினைவிருக்கும். அன்று ராத்திரி லாத்தா வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டு மொபைலும் அணைந்திருந்தன. லேண்ட்லைனுக்குப் போட்டேன், அதுவும் இல்லை. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து மச்சான் கூப்பிட்டார். வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர், வேறொன்றுமில்லை. அடுத்த வார்த்தை, "லேண்ட்லைனுக்குக் கரண்ட் வேணாம்னு நீதானே சொன்னே?"

நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. நாலைந்து மாதத்துக்கு முன்பே செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டிருக்கிறார்கள். அதே எண், அதே பழைய போன், அதே மேஜை. ஆனால் போனின் வால் சுவருக்குப் போகாமல் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது, பெட்டி கரண்ட்டில் ஓடுகிறது. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. அதாவது அது லேண்ட்லைன் உடுப்புப் போட்ட நெட் அழைப்பு. மாட்டிவிட்டுப் போன ஆள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபம் வந்தது. முப்பது வருஷம் போன் கடை வைத்திருக்கும் நான் கேட்கவில்லையே என்று அதைவிடக் கோபம் வந்தது.

முன்பு கரண்ட், பாதை, கணக்கு மூன்றையும் எக்ஸ்சேஞ்ச்காரர் பார்த்துக்கொண்டார், அதற்குத்தான் அந்தக் காசு. இப்போது காசு மிச்சம், வேலை நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனியாகச் சின்ன யுபிஎஸ், கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி, கிடைக்கிறது, கைக்கடக்கமானது, ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி விலை. வாங்கும்முன் பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். மூன்று நாலு மணி நேரம் தாங்கும். தெருவில் இருக்கும் கம்பெனிப் பெட்டிக்கும் கரண்ட் போய்விட்டால் இதுவும் உதவாது, அதற்காக ஒரு பட்டன் மொபைலில் வேறு கம்பெனி சிம் போட்டு, சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைக்கச் சொல்கிறேன்.

வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று சிம்முக்கு ரீசார்ஜை நிறுத்தும் ஆட்கள் பெருகிவிட்டார்கள். 108-ஐயோ 112-ஐயோ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாது. கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை எழுதி ஒட்டியிருப்பார்கள், அதற்கும் சாதாரண அழைப்புதான் வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இலங்கை டவர் பிடித்து, வரவேற்பு மெசேஜ் வரும். அது தெரியாமல் நெட்டில் பேசினால் பழைய ஐஎஸ்டி பில் நினைவுக்கு வரும்.

மழை விட்ட அடுத்த வாரமே லாத்தா வீட்டுக்கு அந்தக் குட்டி யுபிஎஸ்ஸை நானே கொண்டுபோய் மாட்டி, மெயினை அணைத்து, போனில் டயல் டோன் வருவதை மச்சான் காதில் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். போன மாதம் போயிருந்தபோது சும்மா எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டி பழையபடி சுவர் பிளக்கில் இருக்கிறது. யுபிஎஸ்ஸில் வாசல் கேமரா ஓடுகிறது.

"கரண்ட் போனா கோழிய எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்ல" என்றார் மச்சான்.